பெரியாஸ்பத்திரியும் டீன் நாற்காலியும்

அரசு ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டுவது ஒரே ஆளிடம்தான். பிறந்த குழந்தை காணாமல் போனால் டீன். லிஃப்ட் பாதியில் நின்றால் டீன். மழையில் வார்டுக்குள் தண்ணீர் வந்தால் டீன். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் காசு கேட்டால் அதற்கும் டீன். அவரும் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்று (கோட் இல்லாவிட்டால் டாக்டர் என்று யாரும் நம்ப மாட்டார்கள் போல) "விசாரணை நடக்கிறது, தவறு செய்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். பார்க்கிற நமக்கு எரிச்சலாக வரும். பெரிய பதவி, பெரிய ரூம், வாசலில் கார், ஒரு லிஃப்டைக் கூடச் சரி செய்ய முடியாதா இவரால் என்று தோன்றும்.

முடியாது. அதுதான் விஷயமே.

ஆஸ்பத்திரித் தலைவர்களுக்கு என்ன பிரச்சினை என்று நிர்வாகப் பாடப் புத்தகங்களைப் புரட்டினால் நிதி, ஆள் பற்றாக்குறை, தரம், தொழில்நுட்பம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு நம்ம ஊர் ஜி.எச்.சுக்குள் போனால் ஒன்றும் புரியாது. ஏனென்றால் இங்கே முதல் கேள்வியே வேறு. பதில் சொல்கிற ஆளிடம் அதிகாரம் எவ்வளவு இருக்கிறது?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளுக்கு டீன்தான் தலைவர். கல்லூரிக்கும் அவரே தலைவர். அவருக்குக் கீழே மருத்துவக் கண்காணிப்பாளர், ஆர்.எம்.ஓ., செவிலியர் கண்காணிப்பாளர், துறைத் தலைவர்கள். மேலே மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம், அதற்கு மேலே சுகாதாரத் துறைச் செயலாளர், மந்திரி. கல்லூரி இல்லாத மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வேறு இயக்ககத்தில் வருகின்றன, அங்கே இணை இயக்குநர், கண்காணிப்பாளர் என்று வேறு கணக்கு. இந்தக் கட்டுரைக்கு டீன் போதும்.

இப்போது அந்த லிஃப்டுக்கு வருவோம். கட்டிடம் பொதுப்பணித்துறையின் பராமரிப்பில் இருக்கிறது. சுவர், கூரை எல்லாம் அவர்களுடைய சிவில் பிரிவு. லிஃப்ட், ஜெனரேட்டர், வயரிங் எல்லாம் எலக்ட்ரிக்கல் பிரிவு. டீன் கடிதம் எழுதலாம், போன் போடலாம், கலெக்டர் மீட்டிங்கில் முறையிடலாம். அந்த எஞ்சினியருக்கு மேலதிகாரி வேறு. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரும் தரை துடைக்கிறவரும் வாசலில் நிற்கிற செக்யூரிட்டியும் பெரும்பாலும் தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். நர்ஸையும் டாக்டரையும் தேர்வு செய்வது 2012-ல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அவர்களை மாற்றல் செய்வது சென்னை. மாத்திரை வாங்குவது மருத்துவப் பணிகள் கழகம். புறக்காவல் நிலையத்து போலீஸ்காரர் போலீஸ் துறையின் ஆள். டீன் நேரடியாக ஆளக்கூடியது என்று பார்த்தால் டூட்டி ரோஸ்டரும், மெமோ கொடுக்கிற பேனாவும்தான் பெரிதாக மிஞ்சும்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த நாற்காலிக்கு வருகிறவர் யார்? ஒரு அறுவை சிகிச்சைப் பேராசிரியர், ஒரு குழந்தை மருத்துவர், ஒரு உடற்கூறியல் பேராசிரியர். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பி.ஜி. மூன்று வருடம், பிறகு இருபது இருபத்தைந்து வருட சர்வீஸ். இதில் டெண்டர் படிக்கவோ, பட்ஜெட் போடவோ, யூனியனோடு உட்கார்ந்து பேசவோ யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சீனியாரிட்டி பட்டியலில் பெயர் மேலே வந்ததும் திடீரென்று ஒரு நாள் ஆயிரம் படுக்கைக்குப் பொறுப்பு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்றால் மூவாயிரத்துக்கும் மேல் படுக்கைகள். 1664-ல் கோட்டைக்குள் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அந்தப் பாரம்பரியத்தோடு அந்தக் கூட்டமும் சேர்ந்து கைக்கு வரும். பலருக்கு அந்த இடம் கிடைக்கும்போது ஓய்வு பெற ஓரிரு வருடம்தான் பாக்கி இருக்கும். எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் பிரிவுபசார விழா வந்துவிடும்.

அதற்காக டீன்கள் எல்லாம் பாவம், அப்பாவிகள் என்று சொல்லவில்லை. கையில் இருக்கிற கொஞ்ச அதிகாரத்தையும் பயன்படுத்தாமல், "மேலே எழுதியிருக்கிறேன்" என்று ஃபைலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு. சிக்கல் என்னவென்றால், ஒளிந்துகொள்கிறவர் யார், உண்மையிலேயே கை கட்டப்பட்டவர் யார் என்று வெளியில் இருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டு பேரும் ஒரே மாதிரி கடிதம்தான் எழுதுவார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைப் பார்த்தால் இது எவ்வளவு பயங்கரம் என்று புரியும். கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, 2017 ஆகஸ்ட் 10 இரவு. திரவ ஆக்சிஜன் சப்ளை தடைபட்டது. சப்ளை செய்த நிறுவனத்துக்கு 60 லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி. நினைவூட்டல் கடிதங்கள் பல போயிருந்தன. அந்தச் சில நாட்களில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மூளைக்காய்ச்சலும் மற்ற நோய்களும்தான் காரணம், ஆக்சிஜன் இல்லாமல் யாரும் சாகவில்லை என்றது அரசு. பணம் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே அனுப்பப்பட்டுவிட்டது, கல்லூரி தாமதம் செய்தது என்றது. பணம் கேட்டுப் பல முறை எழுதினோம் என்றது கல்லூரி நிர்வாகம். கடைசியில் கல்லூரியின் தலைவர் சஸ்பெண்ட், பிறகு கைது. டாக்டர்களும் ஜெயிலுக்குப் போனார்கள்.

யார் சொன்னது சரி என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். குழந்தைகள் வார்டுக்குப் போகிற ஆக்சிஜன், ஒரு பில் ஃபைல் லக்னோவுக்கும் கோரக்பூருக்கும் போய் வரும் வேகத்தை நம்பி இருந்திருக்கிறது. அந்த ஃபைல் எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்று பிறகு தேட முடிகிறது. கிடக்கும்போதே "இன்று கொடுத்தே ஆக வேண்டும்" என்று சொல்லிச் செக்கில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள ஒரு ஆள் அந்த வளாகத்துக்குள் இல்லை, அல்லது இருந்தும் போடவில்லை.

ஆக்சிஜன் என்றதும் 2021 ஞாபகம் வராமல் இருக்காது. அந்த மே மாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்தது என்றார்கள் உறவினர்கள், இல்லை என்றது நிர்வாகம். அந்தக் காலத்தில் நாடு முழுக்க ஆஸ்பத்திரித் தலைவர்கள் திடீரென்று பிளம்பர் வேலையும் பிசிக்ஸும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. திரவ ஆக்சிஜன் கடுங்குளிரில் டேங்கில் இருக்கும். அதை வாயுவாக்க வெளியே அலுமினியத் தகடுகளோடு ஒரு அமைப்பு நிற்கும். தேவை அதிகமாக அதிகமாக அந்தத் தகடுகளில் பனி உறைந்துவிடும்; வாயுவாகிற வேகம் குறையும். டேங்க் நிறைய ஆக்சிஜன் இருக்கும், ஆனால் கடைசிக் கட்டிலுக்கு பிரஷர் போகாது. சாதாரண முகமூடிக்கு நிமிடத்துக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் போதும். ஹை ஃப்ளோ கருவி ஒன்றே 60 லிட்டர் வரை இழுக்கும். எப்போதோ பத்துப் பேருக்குக் கணக்குப் போட்டுப் போட்ட குழாயில் நூறு பேரை மாட்டினால் என்ன ஆகும்? ஆக "ஆக்சிஜன் இருந்தது" என்று நிர்வாகம் சொன்னதும், "ஆக்சிஜன் வரவில்லை" என்று மகன் சொன்னதும் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். டேங்கர் லாரிக்குக் காத்திருந்த டீன்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் புரிந்தது.

அந்த ஆபத்துக்குப் பிறகு காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கிற பிளான்டுகள் பல ஊர்களில் வந்து இறங்கின. நல்ல விஷயம். ஆனால் ஒரு பிளான்ட் வந்தால் கூடவே அதை ஓட்ட டெக்னீஷியன், கரண்ட் பில், ஃபில்டர் மாற்றச் செலவு எல்லாம் வரவேண்டும். ரிப்பன் வெட்டுகிற நாளில் இதை யாரும் கேட்பதில்லை. எம்.ஆர்.ஐ. மெஷினாக இருந்தாலும், குழந்தைகளுக்கான இன்குபேட்டராக இருந்தாலும் கதை இதேதான். வாங்குவதற்கு ஒரு தலைப்பில் பணம் இருக்கும், பழுது பார்ப்பதற்கான தலைப்பில் பணம் இருக்காது.

கரண்ட் இன்னொரு தலைவலி. 2019 மே 7 மாலை மதுரையில் காற்றும் மழையுமாக அடித்து ராஜாஜி மருத்துவமனையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கை கொடுக்கவில்லை. வென்டிலேட்டரில் இருந்த மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள், வென்டிலேட்டரில் பேட்டரி உண்டு என்றது நிர்வாகம். உறவினர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படி ஒப்புக்கொள்வார்கள்? இருட்டில் கட்டில் பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள்.

தீ விபத்துகளைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ 90 பேர். கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருட்களை அடைத்து வைத்திருந்தார்கள், புகை மேலே ஏறியது. 2021 ஜனவரியில் மகாராஷ்டிரா பண்டாராவில் 10 பச்சிளங்குழந்தைகள். 2024 நவம்பரில் ஜான்சியிலும் பச்சிளங்குழந்தைகள் வார்டு. குழந்தைகள் வார்டே ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது? 24 மணி நேரமும் வார்மர், ஏ.சி., ஃபோட்டோதெரபி விளக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். காற்றில் ஆக்சிஜன் அதிகம். வயரிங்கோ பழைய கணக்கில் போட்டது. தானாக எழுந்து ஓட முடியாத நோயாளிகள். அங்கே ஒரு எலக்ட்ரீஷியன் மாதம் ஒருமுறை வந்து பிளக்பாயிண்ட் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தால்கூடப் போதும் என்று தோன்றுகிறது. அவர் யாருடைய ஆள், யார் அனுப்ப வேண்டும் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

ஆட்கள் விஷயத்துக்கு வந்தால் இன்னும் சிக்கல். ஒரே வார்டில் ஒரே டூட்டி பார்க்கிற இரண்டு நர்ஸ்கள். ஒருவருக்குக் காலமுறைச் சம்பளம், இன்னொருவருக்குத் தொகுப்பூதியம். ஒருவருக்குப் பிரசவ விடுப்பு, பென்ஷன் பற்றிய நம்பிக்கை. இன்னொருவருக்கு அடுத்த வருடம் வேலை இருக்குமா என்ற பயம். கொரோனா காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு பணி நீட்டிப்பு இல்லை என்று சொல்லப்பட்டது. மறுநாள் அந்த வார்டை யார் பார்ப்பார்கள் என்ற கவலை டீனுக்கு. அந்த முடிவில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது.

பிரசவ வார்டு வாசலில் "பையனா பொண்ணா" என்று சொல்லக் காசு கேட்பதும், வீல்சேர் தள்ளக் காசு கேட்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. டீன் திடீர் ரவுண்ட்ஸ் வருவார், ஒருவரைப் பிடிப்பார், கான்ட்ராக்டரிடம் சொல்லி நிறுத்துவார். அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறொருவர் அதையே கேட்பார். லஞ்சம் வாங்குவது தப்புதான், சந்தேகமே இல்லை. ஏழையிடம் வாங்குவது இன்னும் பெரிய தப்பு. ஆனால் அந்த ஆளின் கைக்கு மாதம் எவ்வளவு வந்து சேருகிறது, கான்ட்ராக்டில் எழுதிய சம்பளம் முழுதாக வருகிறதா, எழுதிய எண்ணிக்கையில் ஆட்கள் வருகிறார்களா என்று சரிபார்க்கிற வழி டீனுக்கு இருந்தால், ரவுண்ட்ஸைவிட அது அதிகம் உதவும்.

இன்ஸ்பெக்ஷன் கூத்தையும் சொல்லியாக வேண்டும். கல்லூரிக்கு அனுமதி தொடர வேண்டும் என்றால் இத்தனை பேராசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவக் கவுன்சில் காலத்தில் இன்ஸ்பெக்ஷன் வருகிற வாரம் மட்டும் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர்கள் பஸ் ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். மருத்துவ மாணவர்களைக் கேட்டால் பெயரோடு சொல்வார்கள்! 2020-ல் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது, ஆதார் வழி வருகைப்பதிவு வந்தது. இப்போது மெஷின் எண்ணுகிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி என்பது பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கட்டிடம் இரண்டு வருடத்தில் எழும்பும், ஒரு பேராசிரியர் உருவாகப் பதினைந்து வருடம் ஆகும். இடையில் வருகிற நோட்டீசுக்கெல்லாம் பதில் எழுதுவது டீன்.

இதற்கெல்லாம் மேலே பயம். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி டாக்டர் ஒருவர் டூட்டியில் இருந்த இடத்திலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அந்த நவம்பரில் சென்னை கிண்டி ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை, ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். தமிழ்நாட்டில் இதற்கென்று 2008-லேயே சட்டம் உண்டு. சட்டம் கத்தியைத் தடுக்காது. பிறகு சென்னையில் கூட வருகிறவர்களுக்குக் கையில் அடையாளப் பட்டை கட்டும் முறை வந்தது. வாசலை இறுக்கினால் கூட்டம் குறையும், டாக்டருக்குப் பாதுகாப்பு. ஆனால் நம்ம ஊரில் நோயாளியோடு வருகிற ஆள்தான் ஸ்ட்ரெச்சர் தள்ளுவார், ரிப்போர்ட் வாங்கி வருவார், கஞ்சி ஊட்டுவார், டிரிப் முடிந்தால் நர்ஸைக் கூப்பிடுவார். ஊழியர் இல்லாத இடத்தை நிரப்புவதே அவர்கள்தான். அவர்களை வெளியே நிறுத்தினால் அந்த வேலைகளை யார் செய்வது? இந்த ஒரு கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கிற டீன் இருந்தால் அவருக்குச் சிலையே வைக்கலாம்.

தனியார் ஆஸ்பத்திரித் தலைவர்களுக்கு வேறு விதமான தொல்லைகள். முதலீட்டாளருக்கு லாபம் காட்ட வேண்டும், பெரிய டாக்டர் கோபித்துக்கொண்டு எதிர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது பல பேருக்குக் கணக்கே மாறிப்போனது. ஆனாலும் அங்கே தலைவர் என்றால் தலைவர். இன்று சொன்னால் நாளை லிஃப்ட் ஓடும்.

மதுரையிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுக்கிறவர்களின் பணத்தில் காசு இல்லாதவர்களுக்கும் ஆபரேஷன். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-ல் சொந்தமாக ஆரோலேப் தொடங்கி லென்ஸ் தயாரித்தார்கள். அதே ஊர், அதே மனிதர், ஓய்வு பெறும் வயது. மாறியது என்னவென்றால், முடிவெடுக்க யாரிடமும் ஃபைல் அனுப்ப வேண்டியதில்லை.

ஆனால் இதை வைத்து அரசு ஆஸ்பத்திரிகளை மட்டம் தட்டுவது நியாயமில்லை. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம். பஸ் கவிழ்ந்து நாற்பது பேர் வரும்போது நாள் குறிக்க முடியாது. பாம்பு கடித்தவர், விஷம் குடித்தவர், தனியாரில் பணம் தீர்ந்து கடைசி நாளில் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டவர் எல்லோரும் வந்து சேருகிற இடம் பெரியாஸ்பத்திரி. அதன் வாசலில் "இடம் இல்லை" என்று போர்டு மாட்ட முடியாது.

அரசுக்குள்ளேயே செய்து காட்டிய ஒன்றும் இருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், லேப் பரிசோதனை, மாவட்டக் கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் எழுதியிருக்கும். தேவைக்கேற்ப கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் சென்னையைக் கேட்க வேண்டாம். கேரளா, ராஜஸ்தான் எல்லாம் பிறகு இந்த வழியில் வந்தன. வாங்குவது மேலே, எடுப்பது கீழே. இதே பாஸ்புக்கை ஏன் ரிப்பேருக்கும் கொடுக்கக் கூடாது? வருடத்துக்கு இவ்வளவு, ஜெனரேட்டருக்கும் வயரிங்குக்கும் லிஃப்டுக்கும். வளாகத்திலேயே ஒரு எஞ்சினியர், அவருடைய வருடாந்திர மதிப்பீட்டை எழுதுவது டீன். ஆடிட் இருக்கட்டும், கணக்குக் காட்டச் சொல்லட்டும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஸ்பத்திரி சம்பாதிக்கிற பணம் ஏற்கெனவே கொஞ்சம் இப்படிக் கைகொடுக்கிறது. அது கிளெய்ம் பேப்பரை ஒழுங்காக அனுப்பத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

டீனை எடுத்துவிட்டு எம்.பி.ஏ. படித்தவரையோ ஐ.ஏ.எஸ். அதிகாரியையோ உட்கார வைக்கலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி வருகிறது. வரட்டும். ஆனால் அந்த எலக்ட்ரீஷியன் வேறொருவரின் ஆளாகவே இருந்தால் எம்.பி.ஏ.வும் கடிதம்தான் எழுதுவார். கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில்.

2024-ல் ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளில் டீன் பதவியே காலியாகக் கிடந்தது. செப்டம்பரில்தான் நிரப்பினார்கள். அதுவரை வேறொரு பேராசிரியர், தன் துறையையும் கவனித்துக்கொண்டு, "பொறுப்பு டீன்" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். டிவிக்காரர்கள் அப்போதும் அவரிடம்தான் மைக்கை நீட்டினார்கள்.